கிணறும் பழைய கூரையும்: அமெரிக்கக் கிராமத்து வீட்டுக்கு அரசு ஆதரவுக் கடன் மதிப்பீடு – முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டு ஏக்கர் நிலம், பின்பக்கம் ஓடை, பழைய மாட்டுக்கொட்டகை. பத்திரம் முடிக்க இன்னும் பன்னிரண்டு நாள்கள். அந்த நேரத்தில்தான் வங்கியிலிருந்து மின்னஞ்சல் வருகிறது: மதிப்பீட்டாளர் கூரைக்கு ஒரு நிபந்தனையும் கிணற்றுக்கு ஒரு நிபந்தனையும் எழுதியிருக்கிறார். கூரை போடுபவரைக் கூப்பிட்டால் அடுத்த மாதம் வருகிறேன் என்கிறார். நீர்ப் பரிசோதனைக்கூடம் நீர் மாதிரியை வெள்ளிக்கிழமைகளில் வாங்குவதில்லை. விற்பவர் முகம் சுளிக்கத் தொடங்குகிறார்.

அமெரிக்காவின் ஊரகப் பகுதிகளில் வீடு மதிப்பிடும் வேலையில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். வீடு நன்றாகத்தான் இருக்கும். கிணற்றைப் பற்றியும் கூரையைப் பற்றியும் எழுத்தில் காட்ட யாரிடமும் எதுவும் இருக்காது. மதிப்பீட்டாளர் வாசலில் வந்து நிற்கும் நாளுக்கு முன்பே அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்திருந்தால், கடைசி நேரத் தவிப்பில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். வாங்குபவர், விற்பவர், இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்பவர் மூவரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில்: எந்தக் கடன்?

அரசு ஆதரவுக் கடன்கள் மூன்று உண்டு. எஃப்எச்ஏ என்னும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் 1934இல் தொடங்கியது. அது கடன் கொடுப்பதில்லை; வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு தருகிறது. 580 அல்லது அதற்கு மேல் கடன் மதிப்பெண் இருந்தால் 3.5 சதவீத முன்பணம் போதும். முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. கடன் 1944ஆம் ஆண்டின் சட்டத்தில் பிறந்தது. தகுதி முழுமையாக இருந்தால் முன்பணமே வேண்டாம். வேளாண் துறையான யு.எஸ்.டி.ஏ. தரும் ஊரக வீட்டுக் கடன் உத்தரவாதத்துக்கும் முன்பணம் தேவையில்லை. ஆனால் வீடு அத்துறையின் வரைபடத்தில் ஊரகம் எனக் குறிக்கப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

நம்மவர்களுக்கு ஒரு செய்தி. 2025 மே 25 முதல் புதிய எஃப்எச்ஏ கடன்கள் நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்களுக்குக் கிடைப்பதில்லை. எச்1பி விசாவில் சிற்றூர் மருத்துவமனையிலோ ஆலையிலோ வேலை பார்ப்பவர், நண்பர் மூன்றாண்டுக்கு முன் வாங்கினாரே என்று நம்பி ஒப்பந்தம் போட வேண்டாம். யு.எஸ்.டி.ஏ. கடனும் பொதுவாகக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான்.

எந்தக் கடன் என்பது ஏன் முதல் கேள்வி? ஒரே கிணறு, ஒரே கூரை, ஆனால் கேட்கப்படும் தாள்கள் மாறுகின்றன. எஃப்எச்ஏவின் விதிகள் 4000.1 என்ற கையேட்டில் இருக்கின்றன. ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு யு.எஸ்.டி.ஏ.வும் அதே கையேட்டின் குறைந்தபட்சச் சொத்துத் தேவைகளைப் பின்பற்றச் சொல்கிறது. வி.ஏ. தனிக் கையேடு வைத்திருக்கிறது. மதிப்பீட்டாளரையும் வங்கி தேர்ந்தெடுக்க முடியாது, வி.ஏ.தான் நியமிக்கும்.

மதிப்பீட்டாளர் யார், யார் அல்ல

சாதாரண வங்கிக் கடனில் மதிப்பீட்டாளரின் முதன்மையான வேலை சந்தை மதிப்பைச் சொல்வது. அரசு ஆதரவுக் கடனில் வீடு குறைந்தபட்சத் தேவைகளை நிறைவு செய்கிறதா என்பதையும் அவர் பார்த்து எழுத வேண்டும். பாதுகாப்பு, உறுதி, சுகாதாரம் போன்றவைதான் அங்கே அளவுகோல். குழாயைத் திறப்பார், கழிவறையில் நீர் விடுவார், மச்சுக்குள், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள இடத்துக்குள், எட்டிப் பார்ப்பார். சுவரைப் பிரிக்கமாட்டார், கிணற்றுக்குள் கேமரா இறக்கமாட்டார், கூரைமீது ஏற வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆகவே மதிப்பீடு தேறிவிட்டது என்பதை வீடு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, தனி வீட்டு ஆய்வாளரை வைக்காமல் பணம் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அறிக்கை மூன்று விதமாக முடியலாம். இருக்கும் நிலையிலேயே மதிப்பு. அல்லது, குறிப்பிட்ட பழுதுகளைச் சரிசெய்தால் இந்த மதிப்பு. அல்லது, ஒரு நிபுணர் பார்த்துச் சரி என்றால் இந்த மதிப்பு. கிணறும் கூரையும் பெரும்பாலும் இந்த மூன்றாவது பெட்டியில்தான் விழும்.

மதிப்பீட்டுக்கு முன்: தாள்களைத் தேடுங்கள்

கிணறு தோண்டியவர் எழுதிய பதிவை முதலில் தேடுங்கள். பல மாநிலங்கள் இவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆழம், உறைக்குழாய் எத்தனை அடி, தோண்டிய நாளில் நிமிடத்துக்கு எத்தனை கேலன் வந்தது என எல்லாம் அதில் இருக்கும். மிகப் பழைய கிணறுகளுக்குப் பதிவே இல்லாமலும் போகும். அப்படியானால் மோட்டார் மாற்றிய ரசீதாவது தேடுங்கள். எந்த ஆழத்தில் மோட்டார் தொங்குகிறது என்று அதில் எழுதியிருப்பார்கள். அடுத்து, செப்டிக் டேங்குக்கான மாவட்டச் சுகாதார அலுவலக அனுமதி வரைபடம். கடைசியாகக் கூரை போட்ட ரசீது. கிணற்றைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொண்டால் அதன் ஒப்பந்தம். இந்த நான்கையும் ஒரு கோப்பில் போட்டுச் சமையலறை மேடையில் வைத்துவிடுங்கள். வருபவர் எடுத்துப் பார்ப்பார்.

கிணறு

நம் ஊரில் கிணறு என்றதும் கண்ணுக்குத் தெரிவது உறையும் கயிறும் வாளியும். இங்கே பெரும்பாலும் அது புல்வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு அங்குலக் குழாய். நாம் போர் என்கிறோமே, அதுதான். வெட்டுக்கிணறு, ஊற்று, லாரியில் நீர் வாங்கி நிரப்பும் தொட்டி போன்றவை இருந்தால் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கடன் தரும் நிறுவனத்திடம் பேசிவிடுங்கள். அவற்றை ஏற்பதற்குக் கூடுதல் ஆய்வு கேட்பார்கள். பல நேரங்களில் ஏற்கவே மாட்டார்கள். தெருவில் ஊராட்சிக் குடிநீர்க் குழாய் ஓடுகிறதா என்பதும் கேட்கப்படும். நியாயமான செலவில் இணைப்புப் பெற முடிந்தால் அதை எடுக்க வேண்டும் என்பதே எஃப்எச்ஏவின் விருப்பம்.

குழாயின் வாயை முதலில் பாருங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா? குழாய் தரைக்கு மேலே நிற்கிறதா, அல்லது மழைநீர் தேங்கும் பள்ளத்தில் புதைந்திருக்கிறதா? உறைக்குழாயில் விரிசல் உண்டா? மூடி உடைந்த கிணற்றில் எறும்பும் சிலந்தியும் குடியிருக்கும். அந்த வீட்டு நீரில் கோலிஃபார்ம் என்ற, அசுத்தத்தைக் காட்டும் கிருமி இல்லாமல் போனால்தான் வியப்பு.

பிறகு அளவு நாடா. எஃப்எச்ஏ கணக்கில் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும். கழிவுநீரை மண்ணில் உறிஞ்சவிடும் களத்திலிருந்து 100 அடி. மாநிலமோ உள்ளூர் அதிகாரமோ அனுமதித்தால் 75 அடி வரை இறங்கலாம். பூச்சிமருந்து ஊட்டப்பட்ட மண்ணிலிருந்து 25 அடி, களிமண்ணோ பாறையோ காப்பாக இருந்தால் 15 அடி. கடைசி விதியைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வீடுகளின் அஸ்திவாரத்தைச் சுற்றிக் கறையானுக்காக குளோர்டேன் என்ற நஞ்சை ஊற்றினார்கள். 1988இல்தான் அது இங்கே தடைசெய்யப்பட்டது. சுவரை ஒட்டிக் கிணறு இருக்கும் ஐம்பதுகளின் வீட்டில் கறையான் மருந்து அடித்த வரலாற்றைக் கேட்காமல் நகரக்கூடாது.

அந்தக் கழிவுநீர்க் களம் எங்கே இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருப்பது வெகு சாதாரணம். அனுமதி வரைபடம் அப்போதுதான் கைகொடுக்கும். புல் எங்கே மட்டும் கரும்பச்சையாக வளர்கிறது என்று பார்ப்பது தொழிலில் உள்ளவர்களின் பழைய வழக்கம். ஆனால் அதை வைத்து அறிக்கையில் அடிக்கணக்கு எழுத முடியாது.

அடுத்து நீர்வரத்து. ஏற்கெனவே உள்ள கிணறு நிமிடத்துக்கு 3 முதல் 5 கேலன் தர வேண்டும் என்பது எஃப்எச்ஏ விதி. மூன்று கேலன் என்றால் சுமார் 11 லிட்டர், நம் ஊர்க் கணக்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு குடம். புதுக் கிணற்றுக்கு 5 கேலன். அதுவும் நான்கு மணி நேரம் விடாமல் வர வேண்டும்.

நான்கு மணி நேரம் எதற்கு? ஆறு அங்குலக் குழாயில் ஒவ்வோர் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை கேலன் நீர் நின்றுகொண்டிருக்கும். நூறு அடி நீர்மட்டம் இருந்தால் ஏறத்தாழ 150 கேலன் சேமிப்பு. பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டு அடடா என்ன வேகம் என்று மகிழ்பவர் அந்தச் சேமிப்பைத்தான் பார்க்கிறார். பாறையிலிருந்து ஊறி வருவது எவ்வளவு என்பது சேமிப்பு தீர்ந்த பிறகுதான் தெரியும்.

வீட்டிலேயே ஒரு முன்னோட்டம் பார்க்கலாம். மோட்டார் ஓடத் தொடங்கும்வரை நீரைத் திறந்துவிட்டு மோட்டார் ஏற்றிய நீரை அழுத்தத்தோடு வைத்திருக்கும் அழுத்தத் தொட்டியைக் காலி செய்யுங்கள். பிறகு ஐந்து கேலன் வாளியை நிரப்புங்கள். 100 விநாடிக்குள் நிரம்பினால் மோட்டார் நிமிடத்துக்கு 3 கேலனாவது தருகிறது; பாறையிலிருந்து ஊறுவது எவ்வளவு என்பதை இது காட்டாது. இது உங்கள் மனநிறைவுக்கு மட்டும். வங்கிக்குக் கிணற்று நிபுணரின் கையெழுத்திட்ட தாள்தான் செல்லும்.

நீரின் தரத்தில்தான் கடன்கள் நன்றாகப் பிரிகின்றன. தனிக் கிணறு என்றால் வி.ஏ. நீர்ப் பரிசோதனையை எதிர்பார்க்கும். முடிவு 90 நாள்கள் செல்லும். எஃப்எச்ஏ எல்லா வீட்டுக்கும் கேட்பதில்லை. உள்ளூர் சட்டம் கேட்டாலோ, நீரில் சுவை, மணம், நிறம் உறுத்தினாலோ, குழாய்கள் அரித்திருந்தாலோ, வீட்டில் நீர்ச் சுத்திகரிப்புக் கருவி இருந்தாலோ கேட்கும். கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டருக்குள் தீவிர விவசாயம், நிலக்கரிச் சுரங்கம், எரிவாயுத் துரப்பணம், குப்பைக் கிடங்கு, பெட்ரோல் நிலையம் போன்றவை இருந்தாலும் கேட்கும். கிராமத்து வீட்டைச் சுற்றிக் கால் மைலில் மக்காச்சோளம் இல்லாத இடம் எத்தனை? ஆகவே பரிசோதனை தேவைப்படும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. நியூ ஜெர்சியில் தனிக் கிணறுள்ள வீடு கைமாறும்போது பரிசோதனை சட்டப்படியே கட்டாயம்.

தனியார் கிணறுகளை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு கண்காணிப்பதில்லை. 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்குத்தான். எனவே மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் அளவே முதல் அளவு. பொதுவாகப் பார்க்கப்படுபவை: கோலிஃபார்மும், மலக்கலப்பைக் காட்டும் ஈ. கோலை என்ற கிருமியும் இருக்கக்கூடாது; நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; ஈயமும் அளக்கப்படும். நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் போன்ற பாறை நிலங்களில் ஆர்சனிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன், வங்கி கேட்காவிட்டாலும். அதன் எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நிறமும் சுவையும் காட்டிக்கொடுக்காது. அந்த நீரைக் குடிக்கப்போவது வங்கி அல்ல.

மாதிரியை வாங்குபவரோ விற்பவரோ தரகரோ எடுக்கக்கூடாது, கொண்டுபோகவும் கூடாது. விற்பனையில் தொடர்பில்லாத மூன்றாம் நபர்தான் எடுக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கான மாதிரி பொதுவாக 30 மணி நேரத்துக்குள் கூடத்தைச் சேர வேண்டும் என்பதால் திங்கள் முதல் புதன் வரை எடுப்பதே வசதி. குழாய் நுனியின் வலைச்சல்லடையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பல பொய்யான தோல்விகள் அந்தச் சல்லடை அழுக்கிலிருந்து வருபவை. கிருமி இருந்தால் கிணற்றில் குளோரின் ஊற்றி, குழாய்களில் நிறுத்தி, முழுக்க வெளியேற்றி, சில நாள் கழித்து மறுபரிசோதனை. குளோரின் வாடை போகும் முன் மாதிரி எடுத்தால் கூடம் திருப்பி அனுப்பிவிடும். வெளியேற்றும் நீரைச் செப்டிக் டேங்குக்குள் விடாதீர்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதையாகும்.

பகிர்வுக் கிணறுக்குத் தனி விதி. எஃப்எச்ஏ நான்கு வீடுகள் வரை ஒப்புக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு 3 கேலன் நான்கு மணி நேரம் கிடைக்க வேண்டும். ஊறுவது குறைவாக இருந்தால், அந்த நான்கு மணி நேரத்தில் வீட்டுக்கு 720 கேலன் கொடுக்கும் அளவு அழுத்தச் சேமிப்பு இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் தனி அடைப்பு வால்வு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தடுத்த உரிமையாளர்களையும் கட்டுப்படுத்தும் பதிவு செய்த ஒப்பந்தம். மோட்டார் எரிந்தால் யார் காசு, மின்கட்டணம் யார் பெயரில், பழுதுபார்க்க யார் நிலத்தின் வழியே போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் வாய்வார்த்தையாக முப்பது ஆண்டு பகிர்ந்துகொண்ட கிணறு, தம்பி வீடு வெளியாருக்குக் கைமாறும் நாளில்தான் வழக்காகிறது.

கூரை

எஃப்எச்ஏ கூரையிடம் கேட்பது அதிகம் இல்லை. ஈரம் உள்ளே வரக்கூடாது. இன்னும் குறைந்தது இரண்டு ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு தேறாது என்று தோன்றினால் மதிப்பீட்டாளர் கூரை நிபுணரின் ஆய்வை நிபந்தனையாக வைப்பார். வி.ஏ. இந்த இரண்டு ஆண்டுக் கணக்கைச் சொல்வதில்லை. நியாயமான எதிர்காலப் பயன், நீடித்த உழைப்பு, பராமரிப்பில் சிக்கனம் என்ற சொற்களால் ஏறக்குறைய அதையே கேட்கிறது.

கூரை இருபது ஆண்டு பழையது என்பது மட்டும் குற்றமில்லை. தார் ஷிங்கிள் (தார் ஏற்றி மேலே கல்மணி ஒட்டிய தகடு) வேய்ந்த கூரை பதினைந்து ஆண்டில் சோர்வதும் உண்டு, முப்பதைத் தொடுவதும் உண்டு. வெயில் நேராக விழும் தெற்கு, மேற்குச் சரிவுகள் முதலில் வாடும். வடக்குச் சரிவில் பாசி பிடிக்கும். தெருவிலிருந்து தெரியும் சரிவை மட்டும் படம் எடுத்துப் போகும் மதிப்பீட்டாளர் அரை வேலைதான் செய்கிறார். நான்கு பக்கமும் சுற்றி வந்து, தூரத்திலிருந்து ஒருமுறை, அருகிலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும். விளிம்பு சுருண்ட ஷிங்கிள், மணிகள் உதிர்ந்து கருத்த திட்டுகள், மழைநீர்க் கால்வாயில் மணல்போல் சேர்ந்த உதிரி, நடுவில் தொய்ந்த முகடு, புகைபோக்கியைச் சுற்றிய தகட்டில் மேலும் மேலும் பூசிய தார். இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். ஒருமுறை தார் பூசினால் பழுது. ஐந்து முறை பூசியிருந்தால் ஒழுக்கு இன்னும் நிற்கவில்லை என்றுதான் பொருள்.

உண்மை மச்சுக்குள்தான் இருக்கிறது. எஃப்எச்ஏ மதிப்பீட்டாளர் தலையையும் தோளையுமாவது உள்ளே நுழைத்துப் பார்க்க வேண்டும். பலகைகளில் பழுப்பு வளையங்கள், ஆணி முனைகளில் துரு, பகல் வெளிச்சம் தெரியும் ஓட்டை, பூஞ்சை. மச்சு வாயிலின் கீழே பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கும் வீடுகள் ஏராளம். மதிப்பீட்டாளர் அவற்றை நகர்த்தமாட்டார். இன்னொரு நாள் வருவார், அல்லது வேறொரு நிபுணரின் ஆய்வை நிபந்தனையாக எழுதுவார். பெட்டிகளை முந்தின இரவே எடுத்துவிடுங்கள். பனி மூடிக் கூரை தெரியாவிட்டால் ஏன் தெரியவில்லை என்றும், அடிப்புறத்திலும் மச்சிலும் உட்கூரையிலும் என்ன கண்டார் என்றும் அவர் எழுத வேண்டும்.

பழைய கூரையின் மேலேயே புதியதை ஒட்டும் பழக்கம் கிராமங்களில் உண்டு. கூரை ஓரத்தில் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்குகளை எண்ணிவிடலாம். பழுதான கூரையில் மூன்று அடுக்கோ அதற்கு மேலோ இருந்து மாற்ற நேர்ந்தால், எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்கிறது வி.ஏ. செலவு மதிப்பு அங்கேதான் எகிறும்.

கூரை நிபுணரின் கடிதம் ‘கூரை நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரியில் வந்தால் வங்கி ஏற்காது. பார்த்த நாள், கூரையின் வகை, கண்ட குறைகள், செய்த பழுது, இன்னும் குறைந்தது இரண்டு ஆண்டு தாங்கும் என்ற வாக்கியம், கையெழுத்து, உரிமம் தேவைப்படும் மாநிலமானால் அதன் எண். இவ்வளவும் வேண்டும். சில ஷிங்கிள்களை மாற்றி, தகட்டைச் சரிசெய்தால் பல கூரைகள் இந்தக் கடிதத்துக்குத் தகுதி பெற்றுவிடும்; முழுதும் மாற்றினால்தான் கடன் என்று பயமுறுத்துபவரிடம் இன்னொருவர் கருத்தையும் கேளுங்கள். அதே நேரம், வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேறு அளவுகோல். எஃப்எச்ஏ ஏற்ற கூரையை அது மறுக்கலாம். காப்பீடு இல்லாமல் கடன் முடியாது. அந்த அழைப்பை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

1978க்கு முன் கட்டிய வீட்டில் உரிந்த வண்ணப்பூச்சும் நிபந்தனையாகும், ஈய அபாயத்தால். வேலியும் கொட்டகையும்கூடக் கணக்கில் சேரும்.

மதிப்பு

எஃப்எச்ஏ மதிப்பீட்டில் கடந்த 12 மாதத்துக்குள் முடிந்த குறைந்தது மூன்று விற்பனைகளோடு ஒப்பிட வேண்டும். கிராமத்தில் அவை பத்து, பதினைந்து மைல் தள்ளி இருக்கலாம். ஏன் அவ்வளவு தூரம் போனோம் என்று விளக்கினால் போதும். ஆனால் கிணற்று வீட்டைக் கிணற்று வீட்டோடு ஒப்பிடுங்கள். ஊர் முழுக்கக் கிணறுதான் என்றால் கிணற்றுக்காக ஒரு டாலரும் கழிக்க வேண்டியதில்லை. அங்கே அது குறையே அல்ல.

கூரைக்கான கழிவில்தான் நிறையத் தவறுகள் நடக்கின்றன. எடுத்துக்காட்டாக, புதுக் கூரைக்கு 14,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மதிப்பில் 14,000 கழித்தால் தவறு. பாதி ஆயுள் முடிந்த கூரையோடு விற்ற வீட்டுக்கும் இதற்கும் வாங்குபவர்கள் காட்டும் விலை வேறுபாடுதான் கழிவு. அது 5,000 ஆகவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது தவறு, வீட்டின் பொது நிலைக்கு ஏற்கெனவே கழித்துவிட்டு, கூரைக்கென்று தனியாக மறுபடி கழிப்பது. மூன்றாவது இதைவிட மோசம்: கூரையை மாற்றினால் என்ற நிபந்தனையோடு அறிக்கை எழுதிவிட்டுப் பழைய கூரைக்கும் கழிப்பது. அந்த அறிக்கையில் வீடு புதுக் கூரையோடு இருப்பதாகத்தான் மதிப்பிடப்படுகிறது. வாங்குபவர் அறிக்கையைப் படிக்கும்போது இந்த மூன்றையும் தேடிப் பார்க்கலாம். தவறு தெரிந்தால் ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்க வங்கியில் வழி இருக்கிறது. வி.ஏ. கடனில் மதிப்பு ஒப்பந்த விலைக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், அறிக்கை முடிக்கும் முன்பே மதிப்பீட்டாளர் தகவல் சொல்வார். கூடுதல் விற்பனை விவரம் கொடுக்க இரண்டு வேலைநாள் கிடைக்கும். அந்த இரண்டு நாளில் தேடத் தொடங்கினால் கிடைக்காது. தரகரிடம் முன்பே கேட்டு வைத்திருங்கள்.

அறிக்கை வந்த பிறகு

பழுதுக்கு யார் பணம் தருவது என்பது பேரம். ஒன்றை மட்டும் விற்பவரிடம் சொல்லலாம்: எஃப்எச்ஏ மதிப்பீடு 180 நாள்கள் செல்லுபடியாகும், இவர் விலகி இன்னொரு எஃப்எச்ஏ வாங்குபவர் வந்தாலும் அந்தக் கூரை நிபந்தனை எளிதில் மறையாது. குளிரால் கூரை வேலை செய்ய முடியாத மாதங்களில், வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருந்தால், பழுதுச் செலவைத் தனிக் கணக்கில் நிறுத்திவைத்துப் பத்திரம் முடிக்கச் சில வங்கிகள் இசையும். பழுது பெரிதென்றால் எஃப்எச்ஏவின் 203(கே) கடனைப் பாருங்கள். அதன் எளிய வகையில் 2024 நவம்பர் முதல் 75,000 டாலர் வரை சீரமைப்புச் செலவையும் கடனிலேயே சேர்க்கலாம். வயதான விற்பவர்களுக்கு யு.எஸ்.டி.ஏ. 504 திட்டத்தில் கூரை மானியம் வாங்கித் தரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மூன்று ஆண்டுக்குள் வீட்டை விற்றால் அந்த மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். இந்த வேலைக்கு அது உதவாது.

பழுது முடிந்ததும் மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்த்துப் படம் எடுப்பார். அதற்குத் தனிக் கட்டணம். அந்த நாளில் மின்சாரம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலி வீடு என்று இணைப்பைத் துண்டித்திருந்தால் மோட்டார் ஓடாது, குழாயில் நீர் வராது, அவர் மூன்றாம் முறையும் வர வேண்டியிருக்கும்.